பட்டியலின் முதல் வரி

எவ்லினுக்கு வேலை, செல்பேசிச் செயலிகளில் வழி தப்பாமல் பார்ப்பது. பொத்தானை அழுத்தினால் சரியான திரைக்குப் போகிறதா, பின்னால் வந்தால் பழைய திரைக்கே வருகிறதா என்று அவள் எழுதும் நிரல் தானாகவே தட்டித் தட்டிப் பார்க்கும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர் வேலை" என்று முடித்துக்கொள்வாள். விளக்கினால், இதற்குக்கூடவா சம்பளம் என்று கேட்பவர்கள் நம் ஆட்கள்.

பூசையில் யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டுமென்று பேர் கொடுக்க, அவள் போகும் மாதா கோயிலில் ஒரு செயலி செய்தார்கள். அதற்கும் எவ்லின்தான் சோதனை எழுதிக் கொடுத்தாள். முதல் திரையில் 'இறந்தோர்', 'நோயாளிகள்', 'நன்றி' என்று ஒரு பட்டியல். அடுத்த திரையில் தேதி, அதற்கடுத்து பேர். எல்லாம் பச்சை.

பிறகுதான் அம்மா அமலம்மாள் பக்கவாதத்தில் விழுந்தாள். இரண்டு மாதமாக மூச்சு மிஷினில் ஓடுகிறது. மூளை இனித் திரும்பாது, மிஷினை நிறுத்தலாமா என்று குடும்பம்தான் சொல்ல வேண்டும் என்று டாக்டர் நூருல் ஹுதா பொறுமையாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து அண்ணன் வில்லியம் வந்தான்.

"நீதான் கூடவே இருக்கே. நீ சொல்றதுதான் எனக்கும் லா."

மகராசன், பாரத்தை அழகாக இறக்கிவைத்துவிட்டுப் பாலம் ஏறிப் போய்விட்டான்.

எவ்லின் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. காலையில் ஆபீஸ், மாலையில் ஆஸ்பத்திரி, பொட்டலத்தில் பாதி தின்ற மீ கோரெங் நூடுல்ஸ். உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. வாராவாரம் அம்மா குணமாகப் பூசைக்குப் பேர் கொடுத்தாள், அதுவும் பழக்கத்தில்தான்.

அந்த வாரம் கட்டிலருகே உட்கார்ந்து 'நோயாளிகள்' என்பதைத் தொட்டாள். தேதித் திரைக்குப் போனவள் கைதவறிப் பின்னால் வந்துவிட்டாள். முதல் திரையைப் பார்க்காமலே மறுபடி முன்னால் போய்ப் பேரைப் போட்டு அனுப்பினாள். பின்னால் வந்தபோது அவள் தொட்டது அழிந்து, பட்டியலின் முதல் வரி தானாக ஏறியிருந்தது. எந்தத் திரைக்குத் திரும்புகிறது என்று மட்டும்தான் அவள் சோதனை கேட்டிருந்தது. தேர்ந்தெடுத்தது அப்படியே இருக்கிறதா என்று கேட்கவில்லை. வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் ஒலிபெருக்கி சொன்னது: "மரித்த அமலம்மாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

தலைகள் திரும்பின. அவளுக்கு முதலில் தோன்றியது அந்தப் பின்னால் போகும் பொத்தான்தான். எழுந்து, தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். நெஞ்சு பதறும் என்று காத்திருந்தாள், பதறவில்லை. நிம்மதியாக இருந்தது. பெற்றவளுக்கு இப்படிக் கேட்டு நிம்மதிப்படுகிறோமே என்று கூசியது. ஆனாலும் நிம்மதிதான். அவள் வாயில் வராத வார்த்தையை யாரோ சொல்லிவிட்டார்கள்.

வாசலில் பக்கத்து வீட்டு ரெஜினா ஆன்டி கட்டிக்கொண்டாள்.

"என்ன மா, ஒரு வாட்சாப்கூட போடலியே! அம்மா எப்ப போனாங்க? அடக்கம் என்னிக்கு?"

அது தப்பாக வந்தது என்று சொல்லத்தான் எவ்லின் வாயைத் திறந்தாள்.

"இப்பதான் டாக்டர்கிட்ட போறேன் ஆன்டி," என்றாள். "நான் சரின்னு சொன்னப்புறம்தான் தெரியும்."