மொய் வாங்காத காதுகுத்து

அபிநயா எறையூர்ப் பெண். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வகுப்பில் சத்தமாகச் சிரிப்பவள், பரீட்சைக்கு முந்தின நாள் அத்தனை பேருக்கும் பாடம் சொல்லிக் கொடுப்பவள். ஆனால் “உங்க ஊர்ல எந்த இடம்?” என்று யாராவது கேட்டுவிட்டால் குரல் ஒரு படி இறங்கிவிடும். “ஆலைக்குப் பக்கத்துல” என்பாள். எறையூரில் எதுதான் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் இல்லை? கேட்டவர்கள், அப்பா ஆலையில் வேலை பார்க்கிறார் போலிருக்கிறது என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொள்வார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள்.

இதைக் கெட்டிக்காரத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சொந்த வீட்டை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு ஊரெல்லாம் நடமாடுவது லேசான வேலையா என்ன? அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தவர்கள் யார் என்பது வேறு கதை. அவள் வீடு காலனியில் இருக்கிறது. காலனி என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, கூடப் படித்தவள் ஒருத்தி தெருப் பெயரைக் கேட்டதும் தண்ணீர் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அபிநயா தெருப் பெயரைச் சொல்வதில்லை.

அவள் அப்பா சாமிதுரை பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலிவேலைதான். இவர்தான் முதன்முதலாக அரசாங்கச் சாவி ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டவர். காலனி நடுவில் நிற்கிற மேல்நிலைத் தொட்டிக்கு அவர்தான் ராஜா. மோட்டார் போடுவது, தெருத் தெருவாகத் தண்ணீர் திறப்பது, ஏணியில் ஏறி பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவது எல்லாம் அவர்தான். கழுவிய தேதியைத் தொட்டித் தூணில் தன் கையாலேயே பெயிண்டில் எழுதுவார். எழுத்து கோணலாக இருக்கும். அதில் அவருக்குப் பெருமை. அம்மா ஆண்டாயி அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு வெட்டப் போவாள்.

இந்த வருஷம் சுற்றுலா பாடத்துக்கு அனிதா மேடம் ஒரு புராஜெக்ட் கொடுத்தார். ஆளுக்கொரு பிரோஷர் செய்ய வேண்டும். சும்மா ஊர் ஊராகப் படம் ஒட்டக் கூடாது, ஒரே ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் பயணம் அமைக்க வேண்டும். அரியலூர்ப் பையன்கள் அத்தனை பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு காலத்தில் கடல் கிடந்த மண், கல்லாகிப்போன நத்தை என்று கிளம்பினார்கள். மீன்சுருட்டி இளவரசன் ஜெயங்கொண்டம் முந்திரித் தோப்பை எடுத்துக்கொண்டான். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வருகிற ஹுமா, அபிநயாவின் உயிர்த்தோழி, துபாய்க்கும் தன் ஊருக்கும் நடக்கிற போக்குவரத்தையே கருத்தாக்கிவிட்டாள். அட்டையிலேயே அவள் வீட்டு வாசல்தான். உள்ளே அவள் அம்மா ஆயிஷா பீவி பிரியாணி அண்டாவோடு நின்றார்.

“எங்க வூட்டப் போடாம வேற யாரு வூட்டப் போடறது?” என்றாள் ஹுமா. அந்த வீட்டில் அபிநயா எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறாள். ஹுமாவை ஒரு தடவைகூடத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

அபிநயா எடுத்துக்கொண்ட கருத்து கரும்பு. நல்ல யோசனைதான். ஆலை வாசலில் வரிசைகட்டி நிற்கிற டிராக்டர்கள், எடை போடுகிற இடம், வெட்டுகிற வயல், கடைசியில் ஆளுக்கொரு டம்ளர் கருப்பஞ்சாறு. போனில் கேன்வா ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் மெனக்கெட்டாள். எந்தப் பச்சை, எந்த எழுத்து, மூன்று மடிப்பில் எது முன்னால் வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஆனால் படத்துக்குப் படம் ஒரு தொல்லை. ஆலையைப் பிடித்தாலும் வயலைப் பிடித்தாலும் பின்னாலிருந்து அப்பாவின் தொட்டி எட்டிப் பார்த்தது. ஆலைப் புகைபோக்கியை விட்டால் ஊரிலேயே உயரமான பொருள் அது, என்ன செய்வது? ஒவ்வொரு படத்திலும் அதை விரலால் தேய்த்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஆகாயத்தை நிரப்பினாள்.

அடுத்தது வரைபடம். ஆலை வாசலிலிருந்து வயலுக்குப் போக ஒரே நேர்வழிதான் உண்டு, அது காலனித் தெரு. அபிநயா அந்தத் தெருவைப் போடவே இல்லை. அதற்குப் பதில் ஓடைக்கரை வழியாகச் சுற்றி ஒரு கோடு இழுத்து, “இயற்கை நடை” என்று பெயர் வைத்தாள். அந்தக் கரையில் இயற்கை என்று சொல்ல இருப்பதெல்லாம் கருவேல முள். தெருவை அழித்த அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. “உடம்பு சரியில்லையா?” என்று ஆண்டாயி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கை பட்டதும் அபிநயாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தப்பு செய்கிறவர்கள் கொஞ்சம் சுமாராகச் செய்திருக்கலாம். இவள் அழகாகச் செய்துவிட்டாள். “எவ்ளோ கிளீனா இருக்கு பாருங்க!” என்று அனிதா மேடம் அதை வகுப்பு முழுக்கக் காட்டினார். அதோடு விட்டாரா? வர்ற சனிக்கிழமை எல்லாரும் இந்தப் பிரோஷரைக் கையில் வைத்துக்கொண்டு எறையூருக்கே போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். வகுப்பு கை தட்டியது. அபிநயாவும் கூடச் சேர்ந்து தட்ட வேண்டியிருந்தது.

மேடம் முறையாகப் பஞ்சாயத்து ஆபீசுக்கும் போன் போட்டுச் சொன்னார். ஆபீஸ் விஷயம் டேங்க் ஆபரேட்டருக்குத் தெரியாமல் இருக்குமா? சாமிதுரை அன்று சாயங்காலமே கேட்டார்.

“என்னம்மா, சனிக்கிழமை ஒங்க காலேஜே நம்மூருக்கு வருதாமே?”

“ஆமாப்பா. ஆலைப் பக்கம் வரோம்.”

“நம்ம தெருவுக்கும் வருவீங்கல்ல?”

“பாக்கலாம்ப்பா.”

அவள் பாக்கலாம் என்றது இல்லை என்பதற்கு. அவர் எடுத்துக்கொண்டது ஆமாம் என்று. பெற்ற மகள் தன் வகுப்பைச் சொந்த ஊருக்கு அழைத்து வந்துவிட்டு வீட்டுக்கு அழைத்து வராமல் போவாள் என்று எந்த அப்பன் நினைப்பான்?

சனிக்கிழமை ஆலை வாசல் நன்றாகவே போனது. டிராக்டர்க்காரர்கள் ஆளுக்கொரு கரும்பை உருவிக் கொடுத்தார்கள். பிறகு பிரோஷரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு எல்லாரும் ஓடைக்கரையில் ஏறினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. இளவரசன் காலில் முள் குத்தி நொண்டிக்கொண்டே, “இயற்கை ரொம்பக் குத்துது அபி” என்றான். சிரிப்பு எழுந்தது. அபிநயாவும் சிரிப்பது போல வாயைத் திறந்தாள். அப்போதுதான் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

தொட்டிக்கு அடியில் பந்தல் போட்டிருந்தது. வாடகை நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்துப் பெரிதாகக் கோலம் போட்டிருந்தார்கள். பெண்கள் நல்ல புடவையில் நின்றார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கையை நெற்றியில் வைத்து ஆலை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு அந்த வழியாக வரும் என்று காத்திருக்கிறார். வகுப்பு முதுகுப்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அபிநயாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது.

“அங்க என்ன விசேஷம் அபிநயா?” என்று மேடம் கேட்டார்.

“ஏதோ காதுகுத்து போல மேடம்.”

எப்படித்தான் வாயில் வந்ததோ, யோசிக்காமல் வந்துவிட்டது. கடந்து போய்விடலாம் என்று நினைத்துச் சொன்னாள். ஆனால் மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

“காதுகுத்தா? நாம தேடிப்போனாலும் கெடைக்காது! டூரிஸ்ட்டுக்கு இதைவிட என்ன வேணும்? வாங்க, ரெண்டு நிமிஷம் பாத்துட்டுப் போயிடலாம்.”

“வேணாம் மேடம், தெரியாதவங்க வூட்டு விசேஷம்...”

“நம்ம ஊர்ல காதுகுத்துக்கு வந்தவங்கள யாராச்சும் போன்னு சொல்லுவாங்களா?” என்று மேடம் கரையிலிருந்து காய்ந்த ஓடைக்குள் இறங்கிவிட்டார். வகுப்பும் பின்னால் இறங்கியது. அபிநயா ஹுமாவின் குடைக்குப் பின்னால் கடைசி ஆளாக வந்தாள்.

ஓடைப் பக்கமிருந்து ஆட்கள் வருவதைப் பார்த்துத் தெருவே திரும்பியது. சாமிதுரை பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மேடம் முந்திக்கொண்டார்.

“வணக்கங்க. காதுகுத்துன்னு எங்க ஸ்டூடண்ட் சொன்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். யாரு வூட்டுப் புள்ளைக்கு?”

சாமிதுரையின் சிரிப்பு அப்படியே நின்றது. குடைக்குப் பின்னால் இருந்த மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னைக் கேட்டால், அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

“ஆமாங்க மேடம், காதுகுத்துதான். எங்க கொழுந்தியா புள்ளைக்குங்க. வாங்க, உக்காருங்க” என்றார்.

“அபி...” என்று கையை நீட்டிக்கொண்டு வந்த ஆண்டாயியை, “நீ போயி ரஸ்னாவ எடுத்துட்டு வா” என்று மறித்து அனுப்பினார். தெருவும் புரிந்துகொண்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அபிநயாவின் சித்தி தன் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, விசேஷ வீட்டுக்காரி மாதிரி நடுவில் வந்து உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து அபிநயாவைத் தோளில் சுமந்த தெரு, அவளை யாரென்றே அறியாதது போல நடந்துகொண்டது.

ஆண்டாயி தட்டில் ரஸ்னா கொண்டுவந்தாள். ஒவ்வொருத்தராகக் கொடுத்துக்கொண்டே கடைசியில் மகளிடம் வந்தாள்.

“எடுத்துக்கங்கம்மா” என்றாள்.

பெற்ற அம்மா வாங்க போங்க போட்டுப் பேசுகிறாள். அபிநயா காகிதக் கப்பை எடுத்துக்கொண்டாள். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஹுமா குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். குழந்தையின் இரண்டு காதிலும் தோடு மின்னியது, போட்டுப் பல மாதமான தோடு. ஹுமா தோட்டைப் பார்த்தாள், அபிநயாவைப் பார்த்தாள்.

கிளம்புகிற நேரத்தில் மேடம் பர்சைத் திறந்தார். “காதுகுத்துக்கு வந்துட்டு மொய் வைக்காம போகலாமா?” என்று ஒரு நோட்டை மடித்துக் குழந்தையின் கையில் திணிக்கப் போனார். சாமிதுரை பதறிக் குறுக்கே வந்தார்.

“வேணாங்க மேடம்.”

“அட, இருக்கட்டுங்க.”

“மொய் மட்டும் வேணாங்க.”

மகளுக்காகக் காதுகுத்து என்று சொல்லிவிட்டார். அது வாயோடு போகிற பொய். மொய் அப்படி இல்லை. வாங்கினால் கொடுத்தவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும். நடக்காத விசேஷத்துக்கு மொய் வாங்கினான் என்ற பேச்சு அந்தத் தெருவில் எவனுக்கும் வந்ததில்லை. ஆனால் இதை மேடத்திடம் எப்படிச் சொல்வது? நோட்டை நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மேடத்தின் முகம் சுண்டிப்போனது.

“ஏங்க, எங்ககிட்ட வாங்கிக்க மாட்டீங்களா?”

சாமிதுரை ஒரு அடி பின்னால் நகர்ந்தார். நெற்றியில் வேர்த்தது. வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு திருடனைப் போல நின்றார். அதைத்தான் அபிநயாவால் பார்க்க முடியவில்லை.

“மேடம், இது காதுகுத்து இல்ல” என்றாள். “இவரு எங்கப்பா. அது எங்கம்மா. நாம வருவோம்னுதான் பந்தல் போட்டிருக்காங்க. இது எங்க தெரு.”

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருப்பாள். இறங்கவில்லை. வகுப்பு அவளைப் பார்க்கவில்லை, அவள் அப்பாவைப் பார்த்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் காதுகுத்துதான் என்று சத்தியம் போலச் சொன்ன மனுஷனை. இப்போது அவர் பொய்யர். ஆக்கியது அவள்.

சாமிதுரை மேடத்தைப் பார்த்துக் கை கூப்பினார்.

“மன்னிச்சிக்கங்க மேடம். நாந்தான் தப்பா சொல்லிட்டேன். புள்ள மேல ஒண்ணும் இல்லிங்க.”

மேடம் கையிலிருந்த பிரோஷரைப் பிரித்தார், மூடினார், மறுபடி பிரித்தார். “உங்க தெருன்னு சொல்ற அபிநயா. அப்ப மேப்ல ஏன் இந்தத் தெரு இல்ல?” என்று மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

சாமிதுரை கையை நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கினார். மகள் செய்த பிரோஷரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். வரைபடத்தில் விரலை வைத்து ஆலை வாசலிலிருந்து நகர்த்திக்கொண்டே வந்தார். விரல் வயலுக்குப் போய்விட்டது. விரலை மறுபடி ஆலை வாசலுக்கே கொண்டுவந்தார். பிறகு படங்களைப் பார்த்தார். ஆலைக்குப் பின்னால் வெறும் ஆகாயம். தலையை நிமிர்த்தி, பக்கத்தில் நிற்கிற தொட்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஆண்டாயி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் காகிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து மேடத்திடம் கொடுத்தார்.

“பிரிண்ட் போட்டவன் விட்டுட்டானுங்க மேடம். இந்த டவுன் கடைக்காரனுவளுக்கு நம்ம ஊரு என்ன தெரியும்? எங்க புள்ள தெருவு, டேங்கு எல்லாம் போடச் சொல்லித்தாங்க குடுத்துச்சு. நானே பாத்தேன்.”

அபிநயா வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் அவர் இரண்டாவது தடவையும் பொய்யராவார். கையிலிருந்த ரஸ்னாவை அப்படியே பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, அவர் பக்கத்தில் நின்றாள்.