சாம்பிள் சைஸ் கேட்ட சேர்மன்

போன வாரம் ஒரு ஃபைலில் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று ஷேவ் பண்ணவே கூச்சமாக இருக்கிறது.

திருப்பதியில் நான் புள்ளியியல் பாடம் நடத்துவது உங்களுக்குத் தெரியும். நான் தூங்குவது தெரியாது. வீட்டில் இல்லை... செமினாரில்.

சும்மா சொல்லக்கூடாது, அதில் நான் கெட்டிக்காரன். ஆய்வுச் சுருக்கத்தை மடியில் வைத்துக்கொள்வேன். பேனாவைத் திறந்து கையில் பிடித்துக்கொள்வேன். தலை லேசாகக் குனிந்திருக்கும். எதிரே இருப்பவர்களுக்கு, மனிதர் என்னமாய்ப் படிக்கிறார் என்றுதான் தோன்றும். கைதட்டல் கேட்டதும் விழித்துக்கொண்டு, "சாம்பிள் சைஸை எப்படி முடிவு செய்தீர்கள்?" என்று கேட்பேன். எந்த ஆராய்ச்சிக்கும் பொருந்தும் கேள்வி. எத்தனை வருடங்களாகக் காப்பாற்றியிருக்கிறது தெரியுமா?

கோமதி எங்கள் டிபார்ட்மென்டில் பிஎச்.டி. செய்கிறாள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய விஜயபுரம் பக்கத்துப் பெண். எல்லோரும் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பேசும் இடத்தில், என்னிடம் மட்டும் தமிழில் பேசுவாள். நானும் அதே எல்லைப் பக்கத்துப் புத்தூர்க்காரன் அல்லவா! வேர்க்கடலை போடும் குடும்பங்கள் வருடத்தில் எத்தனை நாள் கூலிக்குப் போகின்றன என்பது அவளுடைய ஆய்வு.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு செமினார் உண்டு. மூன்று பேர் கமிட்டி, நான் சேர்மன். நாங்கள் சரி என்றால்தான் சர்டிஃபிகேட். அந்த வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டில் புளிஹோரா, வடை, சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம். சாப்பிட்ட கையோடு கோமதியின் செமினார். ஹாலில் ஏசி. வேறென்ன வேண்டும்?

கைதட்டல் கேட்டது. விழித்தேன். கேட்டேன்.

கோமதி, "சார், இதுல சாம்பிள்..." என்று ஆரம்பித்தாள்.

"அதைத்தான் கேட்கிறேன். காரணம் சொல்லாமல் எப்படி?" என்று மடக்கினேன்.

மற்ற இரண்டு உறுப்பினர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் வாட்ஸ்அப்பில் இருந்தார், இன்னொருவருக்கு பஸ் பிடிக்கும் அவசரம். 'சாம்பிள் அளவுக்குக் காரணம் போதவில்லை. மூன்று மாதம் கழித்து மறு செமினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். சேர்மன் என்ற கெத்தோடு வீட்டுக்குப் போய் காபி குடித்தேன்.

அடுத்த புதன்கிழமை கோமதி என் அறைக்கு வந்தாள்.

"சார், நாலு நாளா ரோசனை பண்ணிக்கினே இருக்கேன். சாம்பிள் சைஸுக்கு இன்னா எழுதறதுன்னே தெரியல."

"ஏம்மா?"

"நான் சாம்பிளே எடுக்கலியே சார். மூணு ஊர்லயும் எல்லா ஊட்டுக்கும் போனேன். பூட்டியிருந்த ஊட்டுக்கு நாலு தபா போனேன். நைனாதான் வேலைய வுட்டுட்டு வண்டியில இட்டுக்கினு போனாரு."

புள்ளியியல் படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். அண்டா ரசத்தில் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பதுதான் சாம்பிள். அண்டாவையே குடித்து முடித்தவளிடம் போய், எத்தனை கரண்டி எடுத்தாய் என்று மிரட்டியிருக்கிறேன்!

அன்று மடியில் வைத்திருந்த அவளுடைய ஆய்வுச் சுருக்கம் மேஜையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். தலைப்பிலேயே இருக்கிறது — 'மூன்று கிராமங்களின் முழுக் கணக்கெடுப்பு'. அந்த வரியில் தொடங்கி, என் பேனா இழுத்த கோடு ஒன்று வளைந்து வளைந்து பக்கத்தின் அடிவரை போயிருந்தது. வரைபடம் படிக்கத் தெரிந்த பெண். நான் எப்போது தூங்கினேன் என்று அந்தக் கோட்டைப் பார்த்தாலே சொல்லிவிடுவாள். அவசரமாகக் காகிதத்தைக் கவிழ்த்தேன்.

"நான்தான் மெதுவா பேசிட்டேன் போல சார். உங்களுக்குக் கேட்டிருக்காது."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம், இல்லையா? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆமாம்மா... மைக் சரியில்லை."

பேச்சை மாற்றுவதற்காக, "சித்தூர் காலேஜ் இன்டர்வியூ என்றாயே, எப்போது?" என்றேன்.

"திங்கக்கெழமையே முடிஞ்சிப்போச்சி சார். செமினார் சர்டிஃபிகேட் இல்லன்னு வாசல்லயே அனுப்பிட்டாங்க. பரவால்ல சார், வேற வரும்."

எழுந்து கதவு வரை போனவள், திரும்பிச் சிரித்தாள்.

"நைனாதான் சார் பாவம். 'சாரு அவ்ளோ பெரியவரு, சும்மா கேப்பாரா? எந்த ஊடு வுட்டுப்போச்சின்னு கேட்டுக்கினு வா, இன்னொரு தபா போலாம்'ன்றாரு."

அவள் போன பிறகு நேராக டிபார்ட்மென்ட் தலைவரிடம் போனேன். தப்பு என்னுடையது, தூங்கிவிட்டேன், குறிப்பை ரத்து செய்யுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தெலுங்கில் சொன்னார்.

"பர்வாலேது சார்! தூங்கினேன்னு எழுதினா கமிட்டி மானம் என்ன ஆகறது? நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். போன வாரம் ஃபைல் வந்தது. 'மாணவி உரிய விளக்கம் அளித்தார். கமிட்டி திருப்தி அடைந்தது.' மறு செமினார் வேண்டாம், சர்டிஃபிகேட் கொடுக்கலாம். சித்தூர் வேலையை மட்டும் யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

'திருப்தி அடைந்தது' என்ற வரியைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது? அப்பாடா, தப்பித்தோம் என்று தோன்றியது! தூங்கியதைவிட அதுதான் வெட்கமாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். தப்புச் செய்தவன் திருப்தி அடைந்தான், ஒழுங்காகச் செய்தவள் விளக்கம் அளித்தாள். ஃபைல் இனி என்றைக்கும் அப்படித்தான் பேசும்.

மறுநாள் கோமதி வந்து தேங்க்ஸ் வேறு சொன்னாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஃபைலில் எழுத முடியாததை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். கோமதி, இதை உன் நைனாவுக்குப் படித்துக் காட்டு. எந்த வீடும் விட்டுப்போகவில்லை ஐயா... சார் தூங்கிவிட்டார்.