சேவல் கூவிய பெரட்டு

ஹுன்னஸ்கிரிய மலைக்குக் கோப்பி பறிக்க நான் தனியாகத்தான் வந்தேன். மகள் பிறந்தபோதும் நான் ஊரில் இல்லை. அவள் நன்றாகப் பேசத் தொடங்கிய பிறகுதான் மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி, காட்டு வழி நடந்து தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வாசலிலேயே ஆசையோடு பிள்ளையைத் தூக்கினேன். கையைக் கடித்துவிட்டாள்.

அன்று மாலை அவள் தாயிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"ஏம்மா, இந்த ஆளு எப்ப அவரு வீட்டுக்குப் போவாரு?"

மனைவி சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளை வாயால் ஒரு முறை 'அப்பா' என்று கேட்டுவிட வேண்டும் என்று கிடந்தேன். கருப்பட்டி கொடுத்தேன், வாங்கிக்கொண்டு தாயின் முந்தானைக்குள் போய்விட்டாள். பொறுமை போய் ஒரு நாள் அதட்டினேன். அதோடு கருப்பட்டி வாங்கக்கூட வருவதில்லை.

வழியைத் திறந்தவள் அவளேதான். விடியலில் கங்காணி பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டை அவள் வாசலில் நின்று பார்ப்பாள். ஒரு மாலை என் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் தானே கங்காணியாகி நின்றாள். அதட்ட ஓர் ஆள் வேண்டும். அம்மா அடுப்படியில் இருந்தாள். மிச்சம் நான்தான்.

"ஏய், வா இங்க."

போய் நின்றேன். அவளைச் சிரிக்க வைக்கலாமென்று, பதிலுக்குச் சேவல்போலக் கூவினேன். சிரித்தாள். அன்றிலிருந்து, கூப்பிட்டால் கூவியே ஆகவேண்டும் என்பது சட்டமாகிவிட்டது. தரையில் இறைத்த புளியங்கொட்டைதான் கோப்பிப் பழம். முட்டி தேயப் பொறுக்கிக் கொடுப்பேன். கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள்.

"பாதி பச்சக்காய். அரப் பேருதான்."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறை கண்டால் அரைப் பேர், பாதிச் சம்பளம். மகளிடம் நான் முழுப் பேர் வாங்கியதே இல்லை. நிஜக் கங்காணியாவது தீபாவளிக்கு இரக்கப்படுவார்.

அப்புறம் அந்த மழைக்கால விடியல் வந்தது. பாதித் தூக்கத்தில் பெரட்டில் நிற்கிறேன். தோட்டத்துத் துரை குதிரைமேல் இருக்கிறார். கங்காணி என் பெயரைக் கூப்பிட்டார். வாய் தானாகத் திறந்தது. கூவிவிட்டேன், அதுவும் நன்றாக நீட்டி.

லயத்துப் பக்கமிருந்து நிஜச் சேவலொன்று பதில் கொடுத்தது. துரையின் குதிரை காதை நிமிர்த்தியது. ஆட்கள் கம்பளியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

"தொர முன்னாலயே ஒனக்குக் கொழுப்பா? இன்னிக்கி அரப் பேருதான்டா," என்றார் கங்காணி.

எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள் மூக்கு ஒழுக ஓடிவந்தாள். கங்காணியின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க அப்பா நல்லாத்தானே கூவுனாரு? அவருக்கு முழுப் பேரு போடுங்க."

கங்காணி அசையவில்லை, அரைப் பேர் அரைப் பேராகவே நின்றது. அன்று முழுக்கச் சிரித்த முகத்தோடு பழம் பறித்த என்னைப் பார்த்து, இவனுக்குக் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்.

மாலையில் வழக்கம்போலக் கூவினேன், கொட்டை பொறுக்கினேன். மகள் கூடையை அடிவரை கிளறிப் பார்த்தாள்.

"பாதி பச்சக்காய், அப்பா. அரப் பேருதான்."