நெஞ்சுத் தண்ணி

தம்பலகாமத்தில் உழவு மெசின் ஓட்டிய காசிநாதர் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார். நெஞ்சில் நீர் கட்டியதைக் காசநோய் என்று சொல்லி எட்டு மாதம் குளிசை கொடுத்த டாக்டரோடு அவருக்குக் கடும் பகை.

தொண்ணூற்றேழில் டாக்டர் அந்த நீரைக் குத்தி எடுத்து, சிறு போத்தலில் அடைத்துக் கொடுத்தார். புற்றுநோய் கசியவிடும் புரதம் அதில் கூடியிருக்கிறதா என்று கொழும்பில்தான் பார்க்கலாம்.

கொழும்புக்குப் போகும் வழியில், சோதனைச்சாவடியில் சிங்களச் சிப்பாய் போத்தலைத் தூக்கிப் பார்த்தான். மஞ்சளாக எதைக் கண்டாலும் பெற்றோல் என்று சந்தேகிக்கும் போர்க்காலம். டாக்டரின் ஆங்கிலக் கடிதம் அவனுக்கு வாசிக்க வரவில்லை.

"நெஞ்சுத் தண்ணி," என்றார் காசிநாதர்.

நெஞ்சு அவனுக்கு விளங்கவில்லை. தண்ணி விளங்கியது.

"தண்ணி? குடி."

துவக்கு நெஞ்சுக்கு நேரே வந்தது. காசிநாதர் அவனை முறைத்தபடியே சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

மறுநாள் வெறும் போத்தலை டாக்டரின் மேசையில் வைத்தார்.

"திரும்ப எடுங்கோ. உள்ளுக்கை ஊறிக்கொண்டுதான் கிடக்கு. இந்த முறை புற்றுநோய்த் தண்ணி எண்டு சிங்களத்திலை எழுதி ஒட்டுங்கோ."

"அது புற்றுநோயோ எண்டு இன்னும் தெரியாதே, ஐயா."

"தெரியிறதுக்குக் கொழும்புக்குப் போகவேணும். போறதுக்கு அப்பிடித்தான் எழுதவேணும்."