வாத்தியாரைப் பிடித்த இங்கிலீஷ்

சங்கரபாண்டியன் வாத்தியாருக்கு வயது முப்பத்தாறு. பார்த்தால் ஐம்பது சொல்லலாம். பரளச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க, தன் ஊரிலிருந்து தினமும் மூன்று மைல் கரிசல் காட்டில் நடந்து போவார், மூன்று மைல் நடந்து வருவார். மழை பெய்தால் மண் காலை விடாது. வெயிலடித்தால் வெடிப்பு பாதத்தைக் கிழிக்கும்.

அந்த நடைக்கும் கெடு வந்துவிட்டது. இந்தத் தடவை ஹையர் கிரேடு பரீட்சை தேறாவிட்டால் ஜூன் மாதத்திலிருந்து வேலை இல்லை என்று பள்ளிக்கூட மானேஜர் சொல்லிவிட்டார். மற்ற பாடமெல்லாம் எப்போதோ தேறியாச்சு. பாழாய்ப்போன இங்கிலீஷில்தான் மூன்று தடவை மண்ணைக் கவ்வினார். மூன்றாம் தடவை மாமனார் வீட்டில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நின்றது. அதனால் நாலாம் தடவை எழுதப்போவதை யாரிடமும் மூச்சு விடவில்லை, கட்டிய மனைவி ராக்கம்மாளிடம்கூட.

அவருக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்று. ‘ஐ வாக்’ என்றாலும் நடக்கிறேன். ‘ஐ ஆம் வாக்கிங்’ என்றாலும் நடக்கிறேன். ஒரே நடைக்கு எதற்கு இரண்டு வாக்கியம்? நடக்கிறவனுக்குத்தானே கால்வலி, இந்த வெள்ளைக்காரனுக்கு என்ன வந்தது?

கூடப் படித்த அப்துல் ரவூப் அருப்புக்கோட்டை டவுனில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. அவர்தான் சொன்னார்: “ஏலே பாண்டி, தினமும் பள்ளிக்கூடத்துக்கு நடக்கியே, அது மொதல்ல சொன்னது. இந்தா, இந்த நிமிசம் காலைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கியே, அது ரெண்டாவது. எதைச் செஞ்சாலும் செய்யும்போதே வாய்விட்டுச் சொல்லு, தன்னால மண்டையில ஏறும்.”

உலகச் சண்டை நடந்த காலம். மண்ணெண்ணெய் மருந்துக்கும் கிடைக்காது. விளக்கு வைத்துப் படிக்க வழியில்லை. வாத்தியார் வாயால் படித்தார். கம்பங்கூழ் குடித்தபடியே ‘ஐ ஆம் டிரிங்கிங்’. காலில் தைத்த முள்ளைப் பிடுங்கியபடியே ‘ஐ ஆம் புல்லிங்’. பத்தே நாளில் சங்கதி பிடிபட்டுவிட்டது. பல வருஷமாக அவர் கண்ட சந்தோஷம் அது ஒன்றுதான். அதனால் நிறுத்தவும் முடியவில்லை. ஒருநாள் அசதியில் கண்ணை மூடிக்கொண்டு ‘ஐ ஆம் ஸ்லீப்பிங்’ என்று சத்தமாகச் சொல்ல, பக்கத்தில் படுத்திருந்த ராக்கம்மாள் பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் அடுத்த வீட்டு ஆவுடைத்தாயிடம் அழுதாள். ஆவுடைத்தாய்க்குச் சந்தேகமே இல்லை.

“அவுக போற பாதையிலதான பருத்திக் கம்பெனித் தொரையோட கல்லறை இருக்கு? வெள்ளைக்காரப் பேய்டி. நம்மூருப் பேயின்னா தமிழ்ல பேசியிருக்கும்ல!”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாத்தியார் ஓய்ந்துபோய் வீடு திரும்பினால், வாசலில் பேயோட்டுகிற கோடாங்கி கோட்டைச்சாமி உடுக்கையோடு உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் ஊர். பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

“யாரு நீ? எங்கிட்டிருந்து வந்தே? சொல்லு!”

“ஐயோ, நான் சங்கரபாண்டியன்யா! பரீட்சைக்குப் படிக்கேன். வியாழக்கெழம விருதுநகர்ல பரீட்சை!”

“பாத்தீகளா?” என்று கோடாங்கி ஊரைத் திரும்பிப் பார்த்தார். “இவுகளைக் கூட்டிட்டுப் போக நாளும் குறிச்சிருச்சு. படிச்ச பேயி.”

மஞ்சள் கயிற்றை மந்திரித்து மணிக்கட்டில் காப்புக் கட்டினார். வெள்ளி விடிகிற வரைக்கும் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. காப்பை அறுத்தால், அறுத்தவரைப் பேய் பிடித்துக்கொள்ளும்.

கூட்டம் கலைந்தபின் வாத்தியார் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். பேயை அவர் நம்பவில்லை. ஆனால் கயிற்றை அறுத்துப் போட்டால் ராக்கம்மாள் பயத்திலேயே செத்துப்போவாள் என்பது தெரியும். சண்டை போடவும் தெம்பில்லை. பரீட்சையையும் மானேஜர் வைத்த கெடுவையும் மெதுவாக அவளிடம் சொன்னார்.

“வேலை போயிருமா?”

“போயிரும்.”

“இதை முன்னமே சொல்லியிருந்தா வாயில இருக்குற முத்து உதுந்துருமா?” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

புதன் விடியற்காலை. ஆனது ஆகட்டும் என்று வாத்தியார் காப்பை அறுக்க அரிவாளை எடுத்தார். ராக்கம்மாள் அதைத் தட்டிவிட்டாள். அவர் கையைப் பிடித்துக் குனிந்து, கயிற்றைத் தன் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அறுத்தது நானு. வந்தா எங்கிட்ட வரட்டும். நீங்க போயி எழுதிட்டு வாங்க.”

அருப்புக்கோட்டை வரைக்கும் நடந்து, அங்கே கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸைப் பிடித்து, விருதுநகர் போய் எழுதினார். தேறினாரா என்றால், தேறினார். நாற்பத்தொரு மார்க்கு, வேலையும் நிலைத்தது. அது தெரிய ஒன்றரை மாசம் ஆயிற்று, அதை விடுங்கள்.

வியாழன் பொழுது சாயும் நேரத்தில், கால் வீங்கி வீடு வந்தார். ராக்கம்மாள் சுவரில் சாய்ந்து கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. குடம் பானையெல்லாம் காய்ந்து கிடந்தன. அவள் மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு.

“இது எதுக்கு உன் கையில?”

“மூணு நாளு முடியணும்ல. நீங்க பாதியில விட்டதை நான் முடிச்சிட்டா, உங்களைத் தொடாது.”

“தண்ணி?”

“ஊருணி எல்லைக்கல்லுக்கு அங்கிட்டுல இருக்கு.”

“அடி பைத்தியமே, ஆவுடைத்தாய்ட்ட ஒரு செம்பு கேக்கக் கூடாதா?”

“கேட்டா ஏன்னு கேப்பாக. காப்பை அறுத்தது ஊருக்குத் தெரிஞ்சு போகும்.”

வாத்தியாருக்கு அழுகைதான் வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊருக்குத் தெரிந்தால் தெரியட்டும் என்று குடத்தைத் தூக்கித் தோளில் வைத்து, தெருவில் பெண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கச் சிரிக்க, ஊருணிக்கு நடந்தார்.