அம்மா பால் காய்ச்சிய நாள்

போன வருடம் தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஆட்டோ வந்துவிட்டது. அம்மாவைத் திருவான்மியூரில் ஒரு முதியோர் இல்லத்தில் குடிவைக்கப் போகிறோம். தெரு எழுந்திருப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது என் திட்டம்.

மயிலாப்பூர்க் குளத்துப் பக்கம் சின்னதாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். அதிகம் படிக்காதவன்; வாய்தான் எனக்கு முதல். நாலு வார்த்தை பேசாமல் ஒரு டம்ளர்கூட விற்றதில்லை. அப்படிப்பட்டவனுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் எழவில்லை. எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா படியில் இரண்டு முறை விழுந்துவிட்டார். பகலெல்லாம் நானும் மனைவியும் கடையில். இல்லத்தைப் போய்ப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொன்னதே அம்மாதான். ஆனாலும் 'பெத்தவளைக் கொண்டுபோய் விட்டுட்டான்' என்று தெருவில் பேசுவார்களே! கேட்டவர்களிடமெல்லாம், கே.கே. நகரில் அக்கா வீட்டுக்குப் போகிறார் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அம்மா பட்டுப்புடவையில் இறங்கி வந்தார். கையில் ஒரு பித்தளைப் பானை. முதல் நாள் என் கடையில்தான் கேட்டு வாங்கியிருந்தார். தண்ணீர் வைக்க என்று நினைத்திருந்தேன்.

"இன்னா நைனா, விடிஞ்சும் விடியாம மூட்டையோட கெளம்பிக்கினு கீறீங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"புது வீட்டுக்குப்பா. இன்னைக்குப் பால் காய்ச்சறேன்" என்றார் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரையாவது கூப்பிட்டிருக்கியாம்மா? நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்களே!"

"அந்த நாலு பேரையும்தான்டா கூப்பிட்டிருக்கேன். வந்து பாலைக் குடிச்சிட்டு நேர்லயே பேசட்டும்."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்த என் மனைவி வெளியே பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். இவளும் உடந்தை!

எட்டு மணிக்கு மூன்று ஆட்டோக்களில் எங்கள் தெருவே வந்து இறங்கியது. எதிர்வீட்டு அக்கா நேராக என்னிடம் வந்தார். "ஏன் தம்பி, கே.கே. நகர் எப்ப கடற்கரைப் பக்கம் வந்துச்சு?" நாற்காலி எடுத்து வருகிறேன் என்று உள்ளே நழுவினேன்.

அம்மாவின் அறையில் இண்டக்‌ஷன் அடுப்பில் பானையை ஏற்றினார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. பால் அசையவில்லை, அடுப்புதான் கீங் கீங் என்று கத்தியது. பித்தளை அந்த அடுப்பில் சூடேறாது. தினமும் பத்து பேரிடம் சொல்கிற விஷயம், அன்றைக்குப் பார்த்து எனக்கு மறந்துபோயிருந்தது.

"பாத்திரக்கடைக்காரர் வீட்டு விசேஷம்!" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. இல்லத்துச் சமையல்கார அம்மா, "கேஸ் அடுப்புக்கு வாங்க" என்று பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே எங்கள் தெரு, அதன் பின்னால் ஊன்றுகோலும் வாக்கருமாக அங்கே இருக்கும் பெரியவர்கள். சமையலறை நிரம்பிவிட்டது.

பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "நாங்கல்லாம் பால் காய்ச்சாமலே குடி வந்துட்டோம்மா."

"அதனால என்ன? இது எல்லாருக்கும் சேர்த்துதான்" என்று முதல் டம்ளரை அவர் கையில் கொடுத்தார் அம்மா. அவர் அதை உடனே குடிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கிளம்பும்போது எதிர்வீட்டு அக்கா என் காதோடு கேட்டார்: "இங்க இன்னொரு ரூம் காலியா இருக்கா தம்பி?"

கிரகப்பிரவேசத்துக்கென்று எத்தனையோ வீடுகளுக்குப் பானை கொடுத்தவன் நான். என் அம்மா போவதும் ஒரு வீட்டுக்குத்தான் என்பது எனக்குத்தான் தோன்றவில்லை. இப்போது யாராவது, "அம்மா எங்கே இருக்காங்க?" என்று கேட்டால், "திருவான்மியூர்ல, அவங்க வீட்டுல" என்று உரக்கச் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் அன்று பொங்கிய பாலின் வாசனை வந்து போகிறது.