யாரும் கேட்காத தீர்ப்பு

எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறையின் அலமாரியில் ஒரு மரச்சுத்தியல் கிடக்கிறது. நாடகத்தில் நீதிபதி மேசையைத் தட்டுவதற்காகச் செய்தது. இன்றுவரை எதையும் தட்டியதில்லை.

அதை அங்கே வைத்தவர் என்னோடு பணியாற்றிய மூத்த பேராசிரியை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கில நகரங்களின் நாடகமும் ஊர் வாழ்வும்தான் அவருடைய ஆய்வு. தச்சர்கள் ஒரு காட்சி, ரொட்டி சுடுபவர்கள் ஒரு காட்சி என்று ஒவ்வொரு தொழில்காரரும் ஒன்றை ஏற்று, வண்டிமேல் நின்று நடிப்பார்களாம். "சேர்ந்து நின்னு பார்க்கும்போதுதான் ஜனங்க ஊராகுறாங்க" என்பார். கம்பெனிப் பேருந்தில் வந்து கம்பெனிப் பேருந்திலேயே போகிறவர்களின் எங்கள் கார்த் தொழிற்சாலை ஊரான ஒரகடத்தில் அதைச் செய்து பார்க்காமல் விடுவாரா? பிடித்தால் குரங்குப்பிடி.

ஏரியைத் தொலைத்த ஊர் வழக்குப் போடுவது கதை. கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு ஒரு காட்சி, வெல்டிங்காரர்களுக்கு ஒன்று. அவரவர் காட்சியை அவரவரே எழுதவேண்டும். மேடையேறும்வரை வெளியே சொல்லக்கூடாது. கடைசியில் வரும் தீர்ப்புக் காட்சி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒப்பந்த வேலை பார்த்த ஓர் இளைஞனுக்கு. சுத்தியலையும் அவனே செதுக்கினான்.

நாடகம் நடந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து அவனுக்குக் கம்பெனியில் ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை போட்டுவிட்டார்கள். டிராக்டர் டிரெய்லர்மேல் மற்றக் காட்சிகள் முடிந்தன. கூட்டம் தீர்ப்புக்காகக் காத்திருந்தது. ஷிப்ட் பேருந்துகள் வந்ததும் ஏறிப் போய்விட்டது. "இன்னா மேடம், அல்லாரும் பூட்டாங்க. வண்டிய எடுக்கட்டா?" என்றார் பிள்ளைப்பாக்கத்து டிராக்டர்காரர். அப்போதுதான் அவன் சீருடையோடு, சுத்தியலும் கையுமாக மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மேடம், நான் மட்டும் நடிச்சுக் காட்டட்டுமா?"

"பார்க்க ஊரே இல்லையேப்பா. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

அவன் சுத்தியலை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். அடுத்த மாதமே ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டான். பிறகு அவனுடைய போன் எண்ணும் வேலை செய்யவில்லை. மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிப்போனார்கள்.

ஓய்வுபெறும்வரை பேராசிரியை என்னிடம் அதையே சொல்லி மாய்ந்துபோனார். "நான் இருந்தேன், நீ இருந்தே, டிராக்டர்காரர் இருந்தாரு. ஒரு ஊருக்கு மூணு பேர் போதாதா? இத்தனை வருஷம் என்னத்தைப் படிச்சேன் நான்?"

நாடகம் நடந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் சுத்தியலைக் கையில் எடுத்துவிடுகிறேன். ஏரி யாருக்கு என்று தீர்ப்பு எழுதியிருந்தாய், தம்பி?